இன்சுலினை நிறுத்தச் சொல்லும் ஜெபக்குழு: வசனத்தோடு எப்படிப் பேசுவது?

சேகரச் செயலர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு குருவின் கீழுள்ள சபைகளின் தொகுதி) ஒரு ஜெபக்குழு வீடு வீடாக நோயாளிகளைச் சந்திக்கிறது. நல்ல மனதோடுதான் போகிறார்கள். ஆனால் இன்சுலின் போடும் ஒரு அக்காவிடம், "ஊசியும் போட்டுக்கிட்டு ஜெபிச்சா அது அரை விசுவாசம்" என்று சொல்லி, மூன்று நாள் உபவாசமும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆதாரமாக ஆசா ராஜாவைக் காட்டுகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு இன்னும் சுகமாகாததற்கு அந்த வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது என்றும் பேச்சு. வசனத்தை வைத்து என்ன பதில் சொல்வது? சந்திப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது?

வேதபாட ஆசிரியர்:
ஆசா தன் நோயில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்கிறது 2 நாளாகமம் 16:12. அதை மட்டும் எடுத்தால் அப்படித்தான் தோன்றும். அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆசா தேவாலயப் பொக்கிஷத்து வெள்ளியையும் பொன்னையும் சீரியா ராஜாவுக்கு அனுப்புகிறான். அதைக் கண்டித்த தீர்க்கதரிசி அனானியைக் காவலறையில் போடுகிறான். கர்த்தரை விட்டு விலகிய அந்தப் போக்கு நோயிலும் தொடர்ந்தது. வைத்தியரிடம் போனதே பாவம் என்றால் எசேக்கியா ராஜாவை என்ன செய்வது? ஏசாயா 38-இல் கர்த்தர் அவன் கண்ணீரைக் கண்டு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கிறார். அதே அதிகாரத்தில் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்வதும் ஏசாயாதான்.

தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தை மாயமற்றது என்கிறார் பவுல் (2 தீமோ. 1:5). அவனுக்கே வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கூடப் பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாகவே விட்டு வருகிறார். யாருடைய விசுவாசத்தையும் அவர் குறை சொல்லவில்லை.

யாக்கோபு 5:14, 15-ஐக் குழுவில் நிதானமாக வாசியுங்கள். நோயாளி செய்ய வேண்டியது சபை மூப்பரை வரவழைப்பது மட்டும். எண்ணெய் பூசி, விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டியவர்கள் மூப்பர்கள். சுகம் கிடைக்காவிட்டால் படுத்திருப்பவர் தலையில் பழியைப் போட அந்த வசனத்தில் இடமே இல்லை. 15-ஆம் வசனம் பாவத்தைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் அங்கே இருப்பது மன்னிப்பின் வாக்குத்தத்தம். நோயாளியின் விசுவாசத்தை அளந்துதான் சுகம் என்றும் இல்லை: பெதஸ்தா குளத்தருகே இயேசுவால் குணமானவனுக்குத் தன்னைக் குணமாக்கியது யார் என்றே தெரியாது (யோவான் 5:13).

மறைவான பாவம் என்ற பேச்சுக்கு யோவான் 9:3 போதும்: பிறவிக் குருடனைப் பற்றி, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்கிறார் இயேசு. யோபுவின் சிநேகிதர் இதையே பேசித்தான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள் (யோபு 42:7).

வார்டு சிஸ்டர்:
வசனம் விளங்கும்வரை காத்திருக்க வேண்டாம், அந்த அக்காவிடம் இன்றைக்கே பேசுங்கள். டைப் 1 சர்க்கரையில் இன்சுலினை அடியோடு நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழவாடை வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். உபவாசத்தில் ஆபத்து எதிர்ப்பக்கமும் வரும். வழக்கமான அளவு ஊசியோ, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்: நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழறல். ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் சர்க்கரை நோயாளிகள் உபவாசம் இருக்கவே கூடாது.

வலிப்பு மாத்திரை, நாள்பட்ட ஸ்டீராய்டு இரண்டையும்கூடத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டிபி மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

டயாலிசிஸ் அண்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமும் வாங்கிப் போகாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியத்தை அவருடைய சிறுநீரகம் வெளியேற்றாது. இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். தண்ணீரும் அவருக்கு அளவுதான், ஜெபித்த தண்ணீர் என்றாலும் அதே கணக்கு. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையை இறுக்கிப் பிடித்து ஜெபிக்கக் கூடாது. தலையிலோ தோளிலோ கை வையுங்கள். எண்ணெய் நெற்றியில் ஒரு துளி போதும். புண்ணிலும் தையலிலும் தடவ வேண்டாம்.

சேகரச் செயலர்:
நன்றி சிஸ்டர், அக்கா வீட்டுக்கு இப்போதே போகிறோம். ஐயா யாராவது சந்திப்பு முறையையும் சாட்சி நேரத்தையும் பற்றிச் சொன்னால் நல்லது.

ஓய்வுபெற்ற சேகரகுரு:
போன் செய்து நேரம் கேட்டுவிட்டே போங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இருபது நிமிஷத்துக்குள் எழுந்துவிடுங்கள். சளி, இருமல் இருப்பவர் வரக்கூடாது, கீமோ எடுப்பவர் வீட்டுக்கென்றால் கண்டிப்பாகக் கூடாது. உட்கார்ந்ததும் ஜெபத்தை ஆரம்பிக்காமல், "எதுக்காக ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள். சுகத்துக்காக என்பார் என்று நினைத்துப் போவோம். பிள்ளையின் காலேஜ் பீஸுக்காக என்பார். அதற்காகவே ஜெபியுங்கள்.

சங்கீதம் 13 ஆறே வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே கேட்கலாம் என்பது நோயாளிக்குப் பெரிய ஆறுதல். மனமுடைந்தவருக்கு 88-ஐ வாசிக்கலாம். அது இருளிலேயே முடிகிறது, நாமாக அதற்கு ஒரு நல்ல முடிவு ஒட்டவைக்க வேண்டாம்.

மருந்தை மாற்று, நிறுத்து என்று யாரும் சொல்லக்கூடாது என்பதைச் சபைச் சங்கத்தில் தீர்மானமாக எழுதி, குழுவிலுள்ள ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மீறினால் சந்திப்புக்கு அனுப்பாதீர்கள். 1838-இல் நெய்யூரிலும் 1900-இல் வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் கையாலும் ஜெபத்தோடு மருத்துவம் தொடங்கிய திருச்சபை நம்முடையது. ஊசியை அவிசுவாசம் என்று அதற்குள்ளேயே பேசுவது எனக்குப் பெருத்த வேதனை.

சாட்சி நேரத்தில் சுகமானவர் மட்டும் பேசினால் சுகமாகாதவர் மெல்ல ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுவார். நோயோடு இருப்பவரையும் பேச அழையுங்கள், கட்டாயப்படுத்தாமல். மருந்தை விட்டதாகச் சொல்லும் சாட்சியை மேடைக்கு வருமுன்பே ஆயர் கேட்டு நிறுத்திவிட வேண்டும்.

அந்தக் குழுவைக் கலைக்காதீர்கள், அவர்களுக்கு நோயாளிகள்மேல் உண்மையான பாரம் இருக்கிறது. டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணிநேரம் ஆகும். யார் கூட்டிப்போவது, யார் கூட இருப்பது, அன்றைக்கு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு யார் என்று முறைவைத்து அவர்களிடமே கொடுங்கள்.