ஒக்கியில் போன அப்பா: கடவுள் ஏன் தடுக்கவில்லை?

கேள்வி (சின்னத்துறை):
2017 நவம்பர் ஒக்கி புயலில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் மாட்டிவைத்த ஜெபமாலை இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது, அம்மா யாரையும் தொட விடுவதில்லை. கடவுள் எல்லாம் வல்லவர், நல்லவர் என்றால் ஏன் விட்டார்? "ஏதோ பாவம்" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னது இன்னும் குத்துகிறது.

பதில்:
தம்பி, அந்தப் பேச்சை முதலில் தூக்கிப் போடு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13). பைபிளில் எல்லாம் இழந்து தவித்த நல்லவர் யோபு; அவரிடம் அப்படிப் பேசிய நண்பர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம்.

பதில்:
மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் தீமை வந்தது என்பார்கள். 1752-இல் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையைச் சுட்டது மனிதர்கள், சரி. புயலை யார் ஏவினார்? எனக்கு அந்த விளக்கம் இங்கே போதவில்லை. சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவரை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் (குளச்சல்):
மக்களே, 2004 சுனாமியில் என் பிள்ளை போனான். செத்துப்போன நண்பன் லாசரை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கல்லறைப் பக்கம் அழுதாரே, அப்புறம்தான் நானும் அழுதேன். அம்மாவிடம் ஜெபமாலையை எடுக்கச் சொல்லாதே. சாயங்காலம் பக்கத்தில் போய் உட்காரு.