எக்ஸ்ட்4 உண்மையிலேயே 16 டெராபைட்டோடு நின்றுவிடுமா?

அஸ்தம்பட்டிவாசி:
இளம்பிள்ளையில் சேலை வடிவமைப்புக் கோப்புகளைச் சேமிப்பதற்காக 60 டெராபைட் அளவில் லினக்ஸ் சர்வர் அமைக்கப்போகும் தம்பியிடம், “எக்ஸ்ட்4 16 டெராபைட்டைத் தாண்டாது, எக்ஸ்எஃப்எஸ் தவிர வேறு வழியில்லை” என்று சூரமங்கலத்தார் நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். இரண்டுமே வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் லினக்ஸ் கோப்பு முறைமைகள்தான். வட்டை எக்ஸ்ட்4 பிரித்துக்கொள்ளும் சிறு துண்டுகளான தொகுதிகளின் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே இருந்த காலத்தில், 4 கிலோபைட் தொகுதிகளை வைத்துக்கொண்டு 16-க்கு மேல் எண்ண இயலவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2011-இல் வந்த எக்ஸ்ட்4 கருவித் தொகுப்பின் (e2fsprogs) 1.42 பதிப்பே 64 பிட் எண்களோடு அந்த வேலியைத் தாண்டிவிட்டது. 2016-இல் வந்த 1.43 முதல் அவ்வசதி தானாகவே சேர்ந்துவிடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் நல்லது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பொய்க் காரணம் எதற்கு?

சூரமங்கலத்தார்:
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. லீ பஜாரில் ஒரு மஞ்சள் மண்டியின் சர்வரில் வட்டுகளைக் கூட்டிவிட்டு, எக்ஸ்ட்4-இன் அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையைக் கொடுத்தபோது, புதிய அளவை 32 பிட்டுக்குள் சொல்ல முடியாது என்று அது மறுத்ததை இரவு பதினோரு மணிக்கு என் கண்ணால் பார்த்தேன். வெளியே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், உள்ளே நான் மஞ்சள் தூசியில் தும்மிக்கொண்டு 16-இல் நின்றிருந்தேன். 16 என்றால் 16தான்.

அஸ்தம்பட்டிவாசி:
64 பிட் வசதி இல்லாமல் அதை முதலில் வடிவமைத்தவர் (ஃபார்மேட் செய்தவர்) யார் என்பதையும் சொல்லியிருக்கலாம். கோப்பு முறைமையைக் கழற்றிவிட்டு அதே ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையை ‘-பி’ (-b) என்ற தெரிவோடு ஓட்டியிருந்தால் அது 64 பிட்டுக்கு மாறியிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சூரமங்கலத்தார்:
மண்டி என்றதும் உங்களுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. அந்த வேலைக்கு நீங்கள் கொடுத்த விலைப்பட்டியல் என்ன ஆயிற்று என்பதை இங்கே பலரும் அறிவார்கள். ஏலம் நடக்கும் நாளில் சர்வரை நிறுத்துங்கள் என்று மண்டிக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் ‘-பி’யின் அருமை. எக்ஸ்எஃப்எஸ் பெரிய வட்டுகளுக்கென்றே சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் 1993-இல் எழுதத் தொடங்கியது. 2014-இல் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதையே இயல்பான தேர்வாக வைத்துக்கொண்டது. அவர்களெல்லாம் விவரமறியாதவர்கள், அஸ்தம்பட்டியில் மட்டும்தான் விவரம் விளைகிறதா? எக்ஸ்ட்4-இல் ஐநோடுகளின், அதாவது கோப்புக்கு ஒன்றாக வைக்கும் விவரப் பதிவுகளின், எண்ணிக்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சிறுசிறு கோப்புகளாகக் கொட்டினால் வட்டில் பாதி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று சொல்லும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடுகளை உண்டாக்கிக்கொள்ளும். போதாததற்கு, நூற்றுக்கு ஐந்து ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கு என்று எக்ஸ்ட்4 ஒதுக்கிவைக்கிறது. 60 டெராபைட்டில் அது 3 டெராபைட். இவ்வளவுக்கும் மேலாக அந்த 16 இருக்கிறது.

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம்:
முதலில் எந்த டெராபைட் என்று இருவரும் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். அந்த 16 என்பது இரண்டின் அடுக்கில், ஆயிரத்துக்குப் பதில் 1024 மடங்காக, எண்ணியது. வட்டுப் பெட்டியின்மேல் அச்சிடும் கணக்கில் அது ஏறத்தாழ 17.6 ஆகும். மேலும், சித்திரை மாதத்து இடியில் இங்கே மின்சாரம் போய்ப் போய் வரும். பத்தாண்டுகளாக மலைமேல் சர்வர் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதை வடிவமைத்தாலும் யுபிஎஸ்ஸும் வேறோரிடத்தில் ஒரு பிரதியும் இல்லாவிட்டால் உங்கள் விவாதத்துக்குப் பொருளே இல்லை.

அஸ்தம்பட்டிவாசி:
மலைமேலிருந்து உபதேசம் செய்வது எளிது. சூரமங்கலத்தார் 3 டெராபைட்டுக்காகக் கண்ணீர் விடுகிறார். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ஒரே வரி எழுதினால் அந்த ஒதுக்கீடு சுழியமாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ்ஸை ஒருமுறை பெரிதாக்கினால் நடைமுறையில் திரும்பச் சுருக்க இயலாது என்பதை அவர் ஏன் மறைத்தார்?

சூரமங்கலத்தார்:
60 டெராபைட்டைச் சுருக்குவதற்கா அந்தத் தம்பி காசு போட்டு வட்டு வாங்குகிறார்? ஐநோடுக்குப் பதில் சொல்லாமல் சுருக்கத்துக்கு ஓடுகிறீர்கள். மேலும், 16-க்குள் நின்றது என் சர்வர், உங்கள் சர்வர் அன்று.

இளம்பிள்ளைத் தறி:
ஐயா, அந்தத் தம்பி நான்தான். 16 டெராபைட் வட்டுகள் ஆறு வந்துவிட்டன. ரெய்டு 6-ஆகக் கட்டினால் இரண்டு வட்டுகளின் அளவு பாதுகாப்புக்குப் போக 64 வர வேண்டும், திரையிலோ 58.2 என்று காட்டுகிறது. இன்னும் எதையும் வடிவமைக்கவில்லை. மீதி எங்கே போயிற்று என்று யாராவது சொல்வீர்களா?

சூரமங்கலத்தார்:
பார்த்தீர்களா, கைக்கு வருமுன்பே குறைகிறது! எக்ஸ்ட்4 போட்டால் இதிலிருந்தும் ஐந்து விழுக்காடு போகும், தம்பி.

ஏற்காட்டுக் காப்பித்தோட்டம்:
ஒன்றும் போகவில்லை. நான் மேலே சொன்ன அதே கணக்குதான். பெட்டிமேல் பத்தின் அடுக்கு, திரையில் இரண்டின் அடுக்கு.

அஸ்தம்பட்டிவாசி:
வடிவமைக்காத வட்டில் எக்ஸ்ட்4-ஐத் திட்டும் ஒரே மனிதர் சூரமங்கலத்தார்தான். தம்பி, நீங்கள் எக்ஸ்ட்4 போட்டு, 58 காட்டும் திரையைப் படம்பிடித்து இங்கே இடுங்கள். அவருடைய 16 என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

சூரமங்கலத்தார்:
படத்தை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இடலாம். மண்டியில் நான் பார்த்தது 16.