புதுப்பிப்பு: தங்கைக்கு வாங்கிய ஸ்லீப் மாஸ்க்

இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் தங்கைக்கு எந்த ஸ்லீப் மாஸ்க் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பட்டு, பருத்தி, கண்ணுக்குக் குழி வைத்த ஃபோம், சிறு மணிகள் நிரப்பிய கனமான வகை எல்லாம் சொன்னீர்கள். குழி வைத்ததையே வாங்கினோம்.

காரணம் மூக்குதான். தட்டையான மாஸ்க்கில் துணி வழியாக வரும் வெளிச்சத்தைவிட மூக்கின் இரு பக்கமும் உள்ள இடைவெளியில் நுழைவதே அதிகம். விழித்திரையில் உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் செல்கள் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. பகல் வெளிச்சத்தில் அதற்கா பஞ்சம்? கடையில் மாட்டிப் பார்க்க விட்டால், விளக்கைப் பார்த்து நின்று உள்ளே கண்ணைத் திறங்கள். கீழே கோடாக வெளிச்சம் தெரிந்தால் அந்த மாஸ்க் வேண்டாம். விலை, துணி எல்லாம் அப்புறம்.

குழி இருப்பதால் இமைமுடியும் அழுந்துவதில்லை. கனமான வகையை அம்மாவுக்கு யோசித்தவர்கள் கவனியுங்கள்: கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் கண்மேல் பாரம் வைக்கக் கூடாது, கண் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சென்னை வெயிலில் ஃபோம் வியர்க்கத்தான் செய்கிறது. அடிக்கடி சோப்பு நீரில் கையால் அலசி நிழலில் காயவைக்கிறாள். தூக்கம் முன்பைவிட நீள்கிறது என்கிறாள், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஒருக்களித்துப் படுத்தால் மட்டும் பட்டை நழுவுகிறது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.