குவிகற்றை எலக்ட்ரான் விளிம்பு விளைவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கில் இயற்பியல் முதுகலை ஆய்வு செய்கிறேன். குவிகற்றை எலக்ட்ரான் விளிம்பு விளைவில், அதாவது கூம்பாகக் குவித்த எலக்ட்ரான் கற்றையைப் படிகத்தில் செலுத்தி அது சிதறும் படத்தை அளக்கும் முறையில், கை பழகிய யாராவது குழுவில் இருந்தால் கொஞ்சம் வழி காட்டுங்கள்.

என் மாதிரி அலுமினியம். அணுக்களுக்கு நடுவே பிணைப்பு எலக்ட்ரான்கள் எங்கே கூடுகின்றன என்பது 111, 200 போன்ற தாழ்வரிசைக் கட்டமைப்புக் காரணிகளில்தான் தெரியும் (படிகத்தின் ஒவ்வொரு அணுத்தளக் குடும்பமும் கற்றையை எவ்வளவு சிதறடிக்கிறது என்ற அளவு; எண்கள் அந்தத் தளங்களைக் குறிக்கும்). அங்கே எக்ஸ்-கதிரைவிட எலக்ட்ரான் கூர்மையாக உணரும். 2011இல் ஆஸ்திரேலியாவில் நகாஷிமா குழுவினர் இதே வழியில், அலுமினியத்தின் பிணைப்பு நான்கு அணுக்களுக்கு நடுவேயுள்ள நான்முகி இடைவெளிகளில் இருப்பதைக் காட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து வேறு தலைப்பு மனதில் நிற்கவில்லை.

இப்போது சிக்கல். 200 கிலோவோல்ட்டில் எடுத்த படத்தில் சிதறிய கற்றைகள் தரும் வட்டுகளைக் கணக்கீட்டோடு பொருத்தும்போது, மாதிரியின் தடிமனைச் சற்று மாற்றினாலே 111இன் மதிப்பும் கூடவே நகர்கிறது. அணுக்களின் வெப்ப அதிர்வைக் குறிக்கும் டிபை-வாலர் காரணியை நிலையாக வைத்தும் பார்த்தேன், சரியாகவில்லை. எங்கள் கருவியில், ஆற்றல் இழந்த எலக்ட்ரான்களை விலக்கும் ஆற்றல் வடிகட்டி இல்லை. அலுமினியத்தில் சுமார் 15 எலக்ட்ரான் வோல்ட்டை பிளாஸ்மானுக்கு (உலோக எலக்ட்ரான்களின் கூட்டு அலைவு) இழந்த எலக்ட்ரான்கள் பின்னணியாகச் சேர்ந்துவிடுகின்றன. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வடிகட்டி இல்லாமல், வட்டுக்குள் தீவிரம் மாறும் சரிவை மட்டும் பொருத்தும் முறையை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கோலாலம்பூர், சிங்கப்பூர் பக்கம் வடிகட்டியுள்ள கருவியில் அரை நாள் கிடைக்க யாரைக் கேட்கலாம்? மாதிரியை நானே மெலிதாக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். அப்புறம், மூலப் படங்கள் வேண்டுமென்றால் இன்றே அனுப்புகிறேன்.