கோடெக்: குறியாக்கியா, மடிப்புமுறையா?

> கோடெக் என்பதற்குக் ‘குறியாக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாம். புதிய சொல் எதையும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அன்புள்ள ஐயா, வணக்கம்.

குறியாக்கி என்பதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. காணொளியைச் சுருக்கிக் கோப்பாக்கவும், அதை மீண்டும் விரித்துக் காட்டவும் பயன்படும் முறைதான் கோடெக். கோடர் (சுருக்குவது), டிகோடர் (விரிப்பது) என்னும் இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல் அது. குறியாக்கி என்பது அதில் பாதியைத்தான் சொல்கிறது. தவிர, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பதற்கும் பலர் குறியாக்கம் என்றே எழுதிவருவதால், ‘குறியாக்கம் செய்த காணொளி’ என்று படிப்பவர் அதைப் பூட்டிவைத்த கோப்பாக எண்ணிவிடக்கூடும்.

இவற்றைவிடப் பெரிய குறை, படத்தொகுப்பாளர் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமில்லை என்பது. கோப்பு எவ்வளவு சிறியது என்பது அனுப்புகிறவரின் கவலை. எவ்வளவு எளிதில் விரிகிறது என்பதே தொகுப்பவரின் கவலை. ஆகவே மடித்தல், விரித்தல் என்னும் எளிய வினைகளிலிருந்து தொடங்கி, கோடெக் என்பதற்கு ‘மடிப்புமுறை’ என்று முன்மொழிகிறேன்.

இதன் பயன் அடுத்த படியில்தான் தெரியும். நம் கேமராக்கள் பெரும்பாலும் பதிவுசெய்யும் எச்.264, எச்.265 ஆகியவை ஒரு சட்டகத்தை (ஃபிரேமை) முழுமையாக வைத்துக்கொண்டு, அதையொட்டி வரும் பல சட்டகங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைக்கின்றன. தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் டைம்லைனின் நடுவே ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரே சட்டகத்தைக் காட்டுவதற்கு அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் கணினி விரித்தாக வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது திணறுவது இதனால்தான். ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவற்றில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே மடிக்கப்பட்டிருப்பதால் எதைக் கேட்டாலும் அதை மட்டும் எடுத்து விரித்தால் போதும். முன்னதைத் ‘தொடர்மடிப்பு’ என்றும் பின்னதைத் ‘தனிமடிப்பு’ என்றும் சொன்னால், தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைக்கு உரை எழுத வேண்டியிராது. எச்.264 வகையிலேயே தனிமடிப்பாகப் பதிவுசெய்யும் கேமராக்களும் உள்ளன என்பதால், இவற்றை மடிக்கும் விதத்தின் பெயர்களாகக் கொள்ள வேண்டுமே தவிர, குறிப்பிட்ட கோடெக்குகளின் பெயர்களாகக் கொள்ளக் கூடாது.

ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை, அதாவது நாம் ‘கன்வர்ட் பண்ணுவது’ என்று சொல்வதை, ‘மறுமடிப்பு’ எனலாம். கேமராக் கோப்புக்கும் இறுதிப் பிரதிக்கும் நடுவே தொகுப்புக்காகவும் வண்ணச் சீரமைப்புக்காகவும் உருவாக்கும் கோப்பு ‘இடைமடிப்பு’. ஆப்பிள் 2007இல் ப்ரோரெஸைக் கொண்டுவந்தது இந்த இடத்துக்காகத்தான். வண்ணம் சீர்செய்யும் வேலையைச் சென்னையில் டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்கிறோமே, அதிலுள்ள ‘ஐ’யும் இடைநிலை என்பதையே குறிக்கிறது, படச்சுருள் காலத்தில் மூல நெகடிவுக்கும் திரையரங்குப் பிரதிக்கும் நடுவே இருந்த இடைப்படிகளின் வழியாக வந்த பெயர் அது.

மடிப்பு என்றால் தரம் குறைவது தெரியவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் பீரோவில் வைத்திருந்தால், மடிப்பு விழுந்த கோட்டில் சரிகை இற்றுப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இழப்புள்ள முறைகளில் மீண்டும் மீண்டும் மறுமடிப்புச் செய்வதால் வரும் சேதத்தை ‘மடிப்புத்தேய்வு’ எனலாம். ப்ரோரெஸிலும் தேய்வு உண்டு. ஆனால் சில முறை மறுமடிப்புச் செய்தாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுக்குக் குறைவு. அதற்கான விலையை வட்டில் கொடுக்கிறோம். நொடிக்கு 29.97 சட்டகங்கள் கொண்ட 1920×1080 காணொளி ஒரு மணி நேரத்துக்கு ப்ரோரெஸ் 422இல் சுமார் 66 ஜிபி. அதைவிட உயர்தர வகையான 422 எச்க்யூவில் சுமார் 99 ஜிபி.

இங்கே என் அறியாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்திநேரக் கடற்கரையில் லாக் முறையில் (பின்னர் வண்ணம் சீர்செய்ய ஏதுவாக மங்கலாகப் பதியும் முறை) எடுத்த 8 பிட் எச்.264 காட்சியொன்றை, மங்கலை நீக்கி அழுத்தம் கூட்டியபோது, வானம் படிப்படியான பட்டைகளாகப் பிரிந்து நின்றது. இடைமடிப்பாக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி அத்தனையையும் 422 எச்க்யூவுக்கு மாற்றினேன். வட்டு நிரம்பியது, பட்டைகள் அப்படியே இருந்தன. 8 பிட்டில், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகளோடு, பதிவான வானத்துக்கு 10 பிட் கோப்பில் 1024 படிகளுக்கு இடம் கிடைக்குமே தவிர, கேமரா பதியாத படிகளை எந்த மடிப்பும் வரவழைக்காது. ‘தரம் உயர்த்தும் கோடெக்’ என்று கடையில் சொல்வதைக் கேட்டு ஏமாந்த எனக்கு, மடிப்பு என்ற சொல் அன்றே கையில் இருந்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும்.

எம்.ஓ.வி., எம்.எக்ஸ்.எஃப். ஆகிய கோப்பு வகைகளைக் கோடெக் என்று சொல்லும் குழப்பமும் இதில் தீரும். அவை கொள்கலன்கள், உள்ளே மடித்து வைத்திருப்பது வேறு. தொகுக்கும்போது மூலக் கோப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தும் இலகுவான பிரதியான பிராக்சிக்குப் ‘பதிலி’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது, அதைத் தொட வேண்டாம். மடிப்பு என்பதை ‘மடி’ என்று சுருக்குவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். சோம்பல், ஆசாரம் என்று அதற்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது.

கேமரா சென்சார் பதிந்ததைப் பெரிதும் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்புக்கு என்ன சொல்வது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ‘மடியாதது’ என்றால் 2018இல் வந்த ப்ரோரெஸ் ரா இடிக்கிறது, அது சுருக்கப்பட்டதுதான். பச்சைக்காய் என்பதுபோலப் ‘பச்சைக் கோப்பு’ எனலாமா என்று யோசித்தேன். வண்ணச் சீரமைப்பு அறையில் அந்தச் சொல்லை உச்சரித்தால் உடனே யாராவது பச்சையைக் குறைக்கப் போய்விடுவார்கள். தங்களிடம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.