புதுப்பிப்பு: மாமாவின் இழப்பீட்டு வழக்கில் உத்தரவு வந்துவிட்டது

கட்டட வேலையில் சாரம் சரிந்து மாமாவின் கணுக்கால் நொறுங்கியதையும், "குடித்துவிட்டு ஏறினார், ஒரு பைசா தர முடியாது" என்று ஒப்பந்ததாரர் கைவிரித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது தொழிலாளர் துணை ஆணையர் இழப்பீடு தரச் சொல்லிவிட்டார், 12 சதவீத வட்டியோடு.

ஒப்பந்ததாரர் தரப்பின் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் "மது வாடை" என்று ஒரு வரி. ரத்தப் பரிசோதனை இல்லை. பேச்சு குழறியதா, நடை தள்ளாடியதா, எதுவும் எழுதவில்லை. எழுதிய டாக்டரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

மாமாவின் வழக்குக்குப் பொருந்திய, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, போதைதான் காயத்துக்கு நேரடிக் காரணம் என்று முதலாளி நிரூபிக்க வேண்டியிருந்தது. வாடை அடித்தது என்றால் போதாது. சாரக் கயிறு இற்றுப்போனதைக் காலையிலேயே மேஸ்திரியிடம் சொன்னதாகக் கூட வேலை பார்த்த கொத்தனார் சாட்சி சொன்னார். வேலை போகும் என்று தெரிந்தே வந்தார். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை. உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் இந்தப் போதை வாதமே செல்லாது. மாமாவுடையது பகுதி ஊனம், அதனால்தான் இவ்வளவு இழுபறி.

ஒப்பந்ததாரர் மேல்முறையீடு போவாராம். போகட்டும். 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும், உத்தரவான தொகையை ஆணையரிடம் கட்டிய சான்றையும் மனுவோடு வைக்க வேண்டும்.