மறு: ‘எழுத்துகளைக் கொண்ட சொற்கள்’ – மூன்று தேடலுக்கு ஒரே பெயர் போதாது

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் என்ற ஆங்கில விளையாட்டுக்கான தேடுகருவியைத் தமிழாக்கும் இந்த இழையில் நேற்று இரண்டு சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. ஒன்று, கருவியின் மூன்று தேடல் பெட்டிகளுக்கும் பொதுவாக வைத்த பெயர். மற்றது, ‘ஹூக்’ என்ற உத்திக்கு வைத்த பெயர். இரண்டையும் மறுத்தே எழுதுகிறேன்.

> ‘எழுத்துகளைக் கொண்ட சொற்கள்’ என்று எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாம். பயனர் புரிந்துகொள்வார்.

புரிந்துகொள்ள மாட்டார். ஆர், ஏ, டீ என்ற மூன்று எழுத்துகளை ஒருவர் உள்ளிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடற்கொள்ளையரைக் குறிக்கும் பைரேட் என்ற சொல்லில் அவை கொடுத்த வரிசையிலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. இதயத்தைக் குறிக்கும் ஹார்ட் என்பதிலும் மூன்றும் உண்டு, ஆனால் வரிசை வேறு. கையில் இருப்பதே அந்த மூன்று காய்கள்தாம் என்றால் இந்த இரண்டு சொற்களாலும் அவருக்குப் பயனில்லை. எலியைக் குறிக்கும் ராட், கலையைக் குறிக்கும் ஆர்ட், கீலைக் குறிக்கும் டார் ஆகியவைதாம் அவருக்கு வேண்டும். மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மூன்று பெட்டிகளுக்கும் ஒரே பெயரை ஒட்டினால், தவறான பெட்டியில் தட்டிவிட்டு, கருவியே பழுது என்று மூடிவிடுவார்.

முதல் தேடலுக்குத் ‘தொடர்’ போதும், அதில் வழக்கே இல்லை. இரண்டாவதற்கு, கலந்து கிடப்பது என்ற பொருளில், ‘விரவு’ என்று பரிந்துரைக்கிறேன். ‘விரவுப்பெயர்’ படித்த நமக்கு அது புதிய சொல்லும் அல்ல.

மூன்றாவதுதான் விளையாடுபவருக்கு உயிர். ஸ்கிராபிளில் ஒருவர் முன்னால் ஏழு காய்கள். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ வந்திருந்தால் ரீடெய்ன்ஸ், நாஸ்டியர் என்று ஏழெழுத்துச் சொற்களே கிடைக்கும். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். ஆனால் பெரும்பாலான முறைகளில் மூன்றோ நான்கோ எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கும். ஆகவே இதை ‘அனகிராம்’ என்ற பொருளில் ‘வரிசைமாற்றுச் சொல்’ என்பது பொருந்தாது. வரிசைமாற்றில் எல்லா எழுத்தும் செலவாக வேண்டும். இங்கே சிலவற்றைப் பொறுக்கினாலே போதும்.

பொறுக்கி எடுப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்று இருக்கும் அதே வரிசையில், ‘கரந்துறைச் செய்யுள்’ வருகிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுள் மறைந்து உறைவது. தேவையான எழுத்துகளைப் பொறுக்கினால் அது வெளிவரும். ஏழு காய்களுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைத் தேடுவதும் இதே வேலை. ஆகவே ‘கரந்துறை தேடல்’. பழைய சொல் என்பதற்காக இதை முன்வைக்கவில்லை. ‘உள்ளே ஒளிந்திருக்கிறது’ என்ற பொருளைப் பெயரே சொல்லிவிடுகிறது என்பதற்காக முன்வைக்கிறேன்.

அடுத்தது ‘ஹூக்’. பலகையில் கிடக்கும் சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்தைச் சேர்த்து வேறு சொல்லாக்குவது. அதற்கு ‘கொக்கி’ என்று முடிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர் கொக்கியைக் கண்ட இடத்தில் நாமும் கொக்கியையே காண வேண்டுமா?

போன வாரம் என் அண்ணன் மகளோடு விளையாடினேன். பலகையில் ஹோஸ்ட் இருந்தது. ஐந்து நிமிடம் காய்களைத் தடவிக்கொண்டே இருந்தவள், அதன் தலையில் ஜி ஒன்றை ஒட்டவைத்து கோஸ்ட் ஆக்கினாள். விருந்தளிப்பவர் பேயாகிவிட்டார். அதே ஜியில் முடியும்படி மேலிருந்து கீழாக, பையைக் குறிக்கும் பேக் என்ற சொல்லும் அமைந்தது. பேய்க்கு 9, பைக்கு 6. சிறப்புக் கட்டங்களைச் சேர்க்காமலே 15 புள்ளி. ஒரே காய் இரண்டு சொல்லிலும் எண்ணப்படுகிறது என்பதுதான் இந்த உத்தியின் பலம். நூறு காய்களில் எஸ் நான்கே நான்கு இருப்பதும் இதனால்தான். 1930களில் இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துக் காய்களின் அளவை வகுத்தவர். ஆனால் எஸ்ஸை மட்டும் குறைத்தே வைத்தார். எந்தச் சொல்லின் வாலிலும் எஸ் சேர்த்துப் பன்மையாக்கிப் புள்ளி அள்ளிவிடலாம் அல்லவா?

இந்த உத்தியும் தண்டியில் இருக்கிறது: ‘எழுத்து வருத்தனம்’. அங்கு வரும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கம் என்றால் தலை. ஓர் எழுத்து கூடினால் நகம், அதாவது மலை. இன்னொன்று கூடினால் கநகம், பொன். மேலும் ஒன்று, கோகநகம், தாமரை. மூன்று முறையும் எழுத்து சேர்வது தலைப்பக்கம்தான். ஹோஸ்ட் கோஸ்ட் ஆனதும் அப்படித்தான்.

ஆனாலும் ‘வருத்தனம்’ என்றே வைக்க நான் சொல்லவில்லை. முதலில் அதைத்தான் எழுத இருந்தேன். அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தபோது, “எழுத்துக்கு என்ன வருத்தம் சித்தப்பா?” என்று உண்மையாகவே கேட்டாள். வர்த்தனம் என்றால் வளர்ச்சி என்று விளக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒரு பொத்தானுக்கு இரண்டு நிமிட விளக்கம் கூடாது. அந்த வளர்ச்சியையே எடுத்துக்கொண்டு ‘வளரெழுத்து’ என்போம். முன்னால் சேர்வது முன்வளர், பின்னால் சேர்வது பின்வளர். பொத்தானிலும் அடங்கும், ஒருமுறை கேட்டால் மனத்தில் நிற்கும்.

எழுத்தே அச்சிடாத அந்த இரண்டு காய்களுக்கு யாழ்ப்பாண நண்பர் தந்த ‘வெறுங்காய்’ எனக்கு முழுச் சம்மதம்.

மொழிபெயர்ப்புக் கோப்பை வெள்ளிக்கிழமை பூட்டுகிறோம். ‘கரந்துறை’ பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடினம் என்று எண்ணுபவர்கள் அதற்குள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். மூன்று பெட்டிக்கும் மூன்று பெயர் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அன்புடன்.